கிக் டிரம்மை எங்கடா தூக்கிப் போட்டீங்க?

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். டிரம் செட்ல கிக் டிரம்மை, அதான் காலால பெடலை மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்மை, மட்டும் கழட்டிட்டு மிச்சத்தை வச்சு வாசின்னா எவளால வாசிக்க முடியும்? புதுசா ஒரு வீடியோ வந்திருக்குல்ல, பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கும் நாலு வியூஸ் ஏறும், அதுல ஒரு பொண்ணு டிரம்மர். "பெண் சக்தி கீதம்"னு தம்ப்நெயில்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நானும் டிரம்ஸ் வாசிக்கிறவ, நம்ம ஆளு ஒருத்தி ஸ்க்ரீன்ல வர்றாளேனு வால்யூமைக் கூட்டி வச்சுட்டு ஆசையா உக்காந்தேன். அதோட போச்சு நிம்மதி.

முதல் ஷாட்ல என்ன காட்டியிருப்பான்னு நெனைக்கிறீங்க? கையா? ஸ்டிக்கா? ஹீல்ஸ். ஊசி ஹீல்ஸ். அங்கேருந்து கேமரா கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள்பட்டைனு பஸ் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு மேல வருது, முகத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள முன்னிசையே முடிஞ்சுபோச்சு. வந்தா அம்மணி வாயை லேசாத் தொறந்து ஸ்டிக்கோட நுனியைக் கடிச்சுக்கிட்டு நம்மளையே பாக்குறா. அடியே, ட்ராக்ல ஸ்நேர் ரோல், ரெண்டு ஸ்டிக்காலயும் விடாம படபடன்னு அடிக்கிறது, ஓடிக்கிட்டிருக்கு, ஸ்டிக்கு உன் வாயில இருக்கு, அப்ப அதை யாரு வாசிக்கிறது?

அப்புறம்தான் கவனிச்சேன், கிக் டிரம்மே இல்ல. தரையில நடுவுல பெருசா நிக்குமே, முன்பக்கம் பேண்ட் பேர்லாம் ஒட்டியிருப்பாங்களே, அது இருக்க வேண்டிய எடம் காலி. கிக் இல்லாம நின்னுக்கிட்டே வாசிக்கிறவங்களும் உண்டு, இல்லைங்கல. ஆனா ஸ்பீக்கர்ல "டம் டம்"னு கிக் அடி நெஞ்சை இடிக்குதே, அதை அடிக்கிறது யாரு, பேயா? மனசு கேக்காம பின்னாடி ஓட்டி, நிறுத்தி, பெருசாக்கிப் பாத்தேன். பெடல் கூட இல்லப்பா. அங்க இருக்கிறது ரெண்டு ஹீல்ஸும், அதுக்குன்னே தனியா போட்ட ஒரு லைட்டும்தான். அப்பத்தான் மண்டையில உறைச்சுது. கிக் டிரம் இருந்தா கால் மறையும்! கால் தெரியணும்னு வாத்தியத்தையே தூக்கிக் கடாசியிருக்கானுங்க. மீட்டிங் போட்டுப் பேசித்தானே முடிவு பண்ணியிருப்பாங்க? "சார், இந்தப் பெரிய டிரம் மறைக்குது சார்", "அப்ப எடுத்துரு". அந்த ரூம்ல ஒருத்தனுக்குக் கூட "அப்புறம் எதை வச்சு சார் வாசிக்கும் அந்தப் பொண்ணு"னு வாய் வரலையா?

சிம்பல்னு அந்தப் பெரிய உலோகத் தட்டு இருக்கே, அது கதை இன்னும் மோசம். கூந்தல் ஸ்லோ மோஷன்ல பறக்குது, கை ஒசருது, இறங்குது, காதுல "ப்ஷ்ஷ்"னு கேக்குது, சிம்பல் அசையவே இல்ல. ஆடாம அசையாம தியானத்துல உக்காந்திருக்கு. வாசிக்கும்போது தலைமுடியை விரிச்சுப் போட்டிருந்தா கண்ணுல, வாயிலனு எங்கெங்கயோ போய் மாட்டும்னு வாசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா இங்க ஃபேன் ஆளைப் பாத்துத்தான் காத்து விடுது. பக்கத்துலயே நிக்கிற கிட்டார்காரன் முடி ஒண்ணு கூட அசையல.

கிட்டார்காரன்னதும்தான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிக்குது. அவன் சோலோ வந்தவுடனே கேமரா எங்க போகுது? விரலுக்கு! நரம்பு தெரியுற அளவுக்கு க்ளோசப், எந்தக் கம்பியை எங்க வளைக்கிறான்ங்கிற வரைக்கும் தெரியுது, அதைப் பாத்தே ஒருத்தன் கிட்டார் கத்துக்கலாம். இவளுக்கு அந்த நாலு நிமிஷத்துல மணிக்கட்டுக்கு ஒரு ஷாட் உண்டா? கழுத்தெலும்புக்கு உண்டு, உதட்டுக்கு உண்டு, வேர்வை இடுப்புல வழியுறதுக்குத் தாராளமா உண்டு. வாசிச்சாத்தானடா வேர்க்கும், இவளைத்தான் நீங்க வாசிக்கவே விடலையே, ஸ்ப்ரே பாட்டில்தானே அது? ஆம்பளைனா அவன் என்ன பண்றான்னு காட்டுறானுங்க, பொம்பளைனா அவ எப்படி இருக்கானு காட்டுறானுங்க. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல்காரர் 1970கள்லயே விளம்பரப் படங்களைப் பரப்பி வச்சுக்கிட்டு இதைச் சொல்லிட்டார். படத்துல பொண்ணுங்க கை எதையும் இறுக்கிப் புடிச்சு வேலை செய்யாதாம், சும்மா பட்டும் படாம தடவிக்கிட்டு இருக்குமாம். இவ சிம்பலைத் தடவுறதைப் பாத்ததும் மனுஷன் ஞாபகம்தான் வந்துச்சு.

இதுவும் நேத்தைக்கு வந்த வியாதி இல்ல. அமெரிக்கப் பாடகி கேரன் கார்பெண்டர், என்ன ஒரு குரல், ஆனா அவங்க தன்னை டிரம்மர்னுதான் நெனைச்சாங்க, பாட்டும் பாடுற டிரம்மர். செட்டுக்குப் பின்னாடி உக்காந்து பாடினா ஜனங்களுக்கு முகம் தெரியலைன்னு சொல்லிச் சொல்லியே முன்னாடி மைக்குக்கு இழுத்துட்டு வந்து நிப்பாட்டினாங்க. அப்ப டிரம்ஸ்லேருந்து பொண்ணைக் கழட்டினாங்க, இப்ப பொண்ணுக்காக டிரம்ஸைக் கழட்டுறாங்க, நல்ல முன்னேற்றம். 1986ல ராபர்ட் பாமர்ங்கிற பாடகரோட பாட்டு வீடியோ ஒண்ணு, ஒரே மாதிரி கறுப்பு டிரெஸ், ஒரே மாதிரி சிவப்பு லிப்ஸ்டிக்னு பின்னாடி பேண்டே பொண்ணுங்கதான், மாடலுங்க, கையில வாத்தியம், ஆனா வாசிக்கிற மாதிரி நடிப்பு மட்டும்தான். 1999ல பாடகி ஷனாயா ட்வைன் அதையே அப்படியே திருப்பிப் போட்டு, ஆம்பளைங்களை வரிசையா பொம்மையா நிக்க வச்சு வாத்தியத்தைக் குடுத்து ஆட்டி விட்டாங்க. அதைப் பாத்தா எல்லாருக்கும் சிரிப்பு வருது. முதல் வீடியோவைப் பாத்து யாருக்கும் சிரிப்பு வரலையே, ஏன்?

முடியாதான்னா முடியும். 1993ல லெனி க்ராவிட்ஸ்ங்கிற பாடகரோட வீடியோவுல சிண்டி பிளாக்மன்ங்கிற பொண்ணு உக்காந்து டிரம்ஸ் அடிப்பாங்க பாருங்க. ரெக்கார்டிங்ல அந்த டிரம்ஸ் வாசிச்சது க்ராவிட்ஸ்தான், ஆனா வீடியோவுல உக்காந்திருக்கிறது நெஜ டிரம்மர்ங்கிறது தோள்லயே தெரியும். சிம்பல் ஆடும் சார், சிம்பல் ஆடும்!

உடனே ஒருத்தர் வருவார், "இந்தப் பெண் சக்தி வீடியோவை எடுத்த டைரக்டரே பொண்ணுதானே". இருக்கட்டுமே. 2013ல பொண்ணுங்களைக் கேவலமாக் காட்டுதுன்னு அவ்ளோ சண்டையைக் கிளப்பின பாடகர் ராபின் திக் வீடியோவையும் டயான் மார்ட்டெல்ங்கிற பொம்பளைதான் எடுத்தாங்க. அதனால என்ன, கேமரா கண்ணை மூடிக்கிச்சா?

ஆம்பளைங்களுக்கும் சேத்துத்தான்பா பேசுறேன். அந்தக் கிட்டார்காரன் பாவம், நாலு நிமிஷத்துல ஒரு தடவை சிரிக்க விட்டானுங்களா? தாடி, மொறைப்பு, பின்னாடி நடந்து வர ஒரு கூட்டம், அதுவும் வேலைவெட்டி இல்லாத கூட்டம். அவ ஒரு தடவை திரும்பிப் போனதுக்கு இவன் கண்ணாடியைக் குத்தி ஒடைக்கிறான். ஏன் போனாள்னு வீடியோவுல ஒரு எழவும் இல்ல, பொண்ணுன்னா போவா, அவ்ளோதான் கதை. எந்தக் கையால குத்துறான் தெரியுமா, ஃப்ரெட் புடிக்கிற கை, கிட்டார் கழுத்துல கம்பியை அழுத்துற கை! வாசிக்கிற எவனாவது அதைச் செய்வானா? விரல்ல ஒரு சின்ன வெட்டு விழுந்தாலே கம்பியில வைக்க முடியாம கத்துவான். இவன் அடுத்த ஷாட்ல ரத்தம் சொட்டச் சொட்ட சோலோ வாசிக்கிறான். அழுதா ஆம்பளை இல்லையாம், அதுக்குக் கையை ஒடைச்சுக்கலாமாம்.

சட் ஜாலின்னு ஒரு பேராசிரியர் இருக்கார். எம்டிவிங்கிற பாட்டு சேனல்ல வந்த வீடியோவை எல்லாம் வெட்டி எடுத்து, பாட்டைத் தூக்கிட்டு தன் குரலைப் போட்டு ஒரு படம் பண்ணினார். கேஸ் போடுவோம்னு எம்டிவியே மிரட்டுச்சு. ஏன் மிரட்டாது? பாட்டை எடுத்துட்டா மானம் போகும்ல. நானும் இந்த வீடியோவை மியூட் பண்ணிப் பாத்தேன். சத்தமே இல்லாம ஒருத்தி ஃபேன் காத்துல முடியை ஆட்டிக்கிட்டு இல்லாத டிரம்மை வாசிக்கிறா, ஒருத்தன் கண்ணாடியைக் குத்திட்டு மொறைக்கிறான், பின்னாடி கூட்டம் எதுக்குனே தெரியாம நடந்து வருது. சிரிச்சு சிரிச்சு எனக்கு விக்கலே வந்துடுச்சு. இதுல கொடுமை என்னன்னா பாட்டு நல்லாருக்கு! காலையிலேருந்து வாயில அதான் ஓடுது, தொலைய மாட்டேங்குது.

சரி, இதையெல்லாம் கூட விட்டுடலாம். நல்லா போய்க்கிட்டிருக்க பாட்டை நடுவுல நிறுத்திட்டு வசனம் பேசுற பழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சான்? கதவைத் தட்டுறான், மூச்சு விடுறான், மழை பெய்யுது, அவளுக்கு ஃபோன் வருது. அந்த ஃபோன்லயும் என் ஃபோன்ல இருக்க அதே ரிங்டோனை வச்சுத் தொலைச்சிருக்கான், ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சுப் போய் பையைத் தொழாவிக்கிட்டு இருக்கேன்.