ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்

போன வாரம் ராத்திரி ஒரு பாட்டுச் செயலியில் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ என்ற ஜமைக்கா ரெகே பாட்டைப் போட்டேன். பாட்டு சரியாகத்தான் வந்தது. படத்தில் மட்டும் யாரோ கிட்டாரும் கையுமாக நிற்கிறார். பாடியவர் அவர் இல்லை. படத்தில் இருந்தவர் ஜூனியர் மார்வின், பாடியவர் ஜூனியர் மர்வின். தமிழில் ஒரு துணைக்கால், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து. அதில் ஒரு மனுஷனின் முகமே காணாமல் போய்விட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேருமே ஜமைக்காக்காரர்கள். மர்வினின் சொந்தப் பெயர் மர்வின் ஜூனியர் ஸ்மித். கொஞ்ச காலம் ஜூனியர் சோல் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தவர். 1976இல் இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரி தலைநகர் கிங்ஸ்டனில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த பிளாக் ஆர்க் ஸ்டுடியோவுக்குப் போய் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினார். அது ஜமைக்காவில் அரசியல் கொலைகள் பெருகி, அவசரநிலை அறிவித்திருந்த வருஷம். தெருவில் போலீஸும் திருடர்களும் துப்பாக்கியோடு திரிய ஜனங்கள் நடுங்குவதுதான் பாட்டு. அதை அவர் கத்திப் பாடவில்லை. பொய்க்குரலில், மேல் ஸ்தாயியில், தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்பதுபோல மெல்லப் பாடுகிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அடுத்த வருஷமே லண்டனில் ‘தி கிளாஷ்’ என்கிற பங்க் ராக் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் இதை எடுத்துப் பாடினார்கள்.

அதே 1977இல்தான் லண்டனில் வளர்ந்த மார்வின், பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்து ‘எக்ஸோடஸ்’ ஆல்பத்தில் வாசித்தார். அருமையான கலைஞர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மர்வினின் ஆல்பம், ‘எக்ஸோடஸ்’ இரண்டையும் அந்த வருஷம் வெளியிட்டது ஐலண்ட் என்கிற ஒரே கம்பெனி. குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

‘கரீபியன் பாடகர்கள் எல்லாருக்கும் ஒரே பேருப்பா’ என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அங்கே பெயர் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அதற்குள் ஓர் உறவு இருக்கும். ஜமைக்கா பாடகர் ஹொரேஸ் ஆண்டியைப் பாருங்கள். அவருடைய குடும்பப் பெயர் ஹைண்ட்ஸ். அந்தப் பெயரில் உறவுக்காரர் ஜஸ்டின் ஹைண்ட்ஸ் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ ஒன் என்கிற ரெக்கார்டு கம்பெனியின் முதலாளி காக்ஸன் டாட், நன்றாகப் பாட்டெழுதும் பாப் ஆண்டியின் பெயரில் பாதியை எடுத்து இந்தப் பையனுக்கு வைத்துவிட்டார். பாப் ஆண்டியே பிறப்பில் கீத் ஆண்டர்சன்தான்! இன்னொரு ஜமைக்கா பாடகர் பூஜு பாண்டனும் அப்படியே. குண்டுக் குழந்தையாக இருந்ததால் அம்மா செல்லமாகக் கூப்பிட்டது பூஜு, அதாவது சீமைப்பலா. பாண்டன் என்பது தனக்கு முன்னோடியான பர்ரோ பாண்டனைப் பார்த்து அவர் வைத்துக்கொண்டது. யூ-ராய் என்ற ஜமைக்கா கலைஞர் பேர் எடுத்த பிறகு வந்தவர் ஐ-ராய். தாத்தா பெயரைச் சுமக்கிறவனைப் பெயரன் என்று சொல்கிற மொழி நம்முடையது. இதெல்லாம் நமக்குப் புரியாமல் போகுமா?

ட்ரினிடாட் தீவில் கலிப்ஸோ என்கிற பாட்டு வகையைப் பாடுகிறவர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். ஆல்ட்வின் ராபர்ட்ஸ் என்பவர் பிரிட்டிஷ் படைத்தளபதியின் பெயரையே எடுத்துக்கொண்டு லார்ட் கிச்சனர் ஆனார். 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து போய் இறங்கியபோது கேமரா முன்னால் பாடியும் காட்டினார். ஆண்டவர்களின் பட்டத்தை ஆளப்பட்டவன் தன் தலையில் சூடிக்கொண்டது அது.

ஆகவே, ஒரே பெயரை வைத்துக்கொண்டது அவர்கள் தப்பு இல்லை. யார் எவர் என்று பிரித்துக் காட்டவேண்டிய பொறுப்பு பாட்டை விற்கிறவர்களுடையது. கலைஞர்களை அடையாளம் காட்டவே ஐ.எஸ்.என்.ஐ. என்று 16 இலக்க எண் இருக்கிறது. அமெரிக்க ராப் பாடகர் ஒருவருக்கும் ஷான் பால் என்றுதான் பெயர், குழுவின் பெயரையும் சேர்த்து ‘யங்பிளட்ஸ் ஷான் பால்’ என்று போட்டார்கள். ஜமைக்கா ஷான் பால் உலகம் அறிந்த நட்சத்திரம், அவருக்காக இந்தக் கவனம் வந்தது. ஒரே ஒரு பாட்டால் நினைக்கப்படுகிற மர்வினுக்கு ஏன் வரவில்லை? பெயர் மாறினால் படத்தோடு நிற்காது, காசும் வேறு கணக்குக்குப் போகக்கூடும்.

மர்வின் 2013 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவரே வந்து ‘அது நான் இல்லை’ என்று சொல்ல முடியாது. செயலியில் புகார் படிவம் நிரப்பி அனுப்பினேன். நேற்றும் திறந்து பார்த்தேன், அதே கிட்டார்தான்.

இதைப் படித்துவிட்டுப் பாட்டைத் தேடுகிறவர்கள் படத்தை நம்பவேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேளுங்கள். மேலே மிதந்து வருகிறதே ஒரு மெல்லிய குரல், அவர்தான் மர்வின்.