ஆறு ஜோடி சாக்ஸ்

மூணாறுல மூணு நாளா விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. தம்பி பிள்ளைங்க ரெண்டும் வீட்டை ரெண்டாக்கிட்டு இருந்துச்சுங்க. உட்கார வைக்க வேற வழி தெரியாம 'எடி தி ஈகிள்' போட்டுவிட்டேன். 2016ல வந்த படம். எனக்கு மூணாவது தடவை, எங்க அம்மாவுக்கு முதல் தடவை.

பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். மைக்கேல் எட்வர்ட்ஸ், இங்கிலாந்துல சுவர் பூசுற கொத்தனார். சோடாபுட்டிக் கண்ணாடி. பனிச்சறுக்குத் தாண்டல்ல, அதாவது உயரமான சரிவுல சறுக்கி வந்து அந்தரத்துல பாயுற போட்டியில, 1928க்கு அப்புறம் பிரிட்டன்ல இருந்து ஒலிம்பிக் போன ஆளே கிடையாது. இவர் 1988ல கனடாவுல கால்கரியில நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போய் 70 மீட்டர், 90 மீட்டர் மேடை ரெண்டுலயும் கடைசி. ரெண்டுலயும் தங்கம் பின்லாந்துக்காரர் மட்டி நிக்கானெனுக்கு. கூட்டம் கொண்டாடுனது என்னமோ கடைசி ஆளைத்தான்.

குடும்பத்தோட தாராளமா பார்க்கலாம். எப்படித் தாண்டணும்னு கோச் விளக்குற ஒரு சீன் வரும், அப்ப மட்டும் ரிமோட் கையில இருக்கட்டும்.

பனியைப் பார்த்ததும் சின்னவன், "செண்டுவாரையில விழுமே, அது மாதிரியா?"ன்னான். செண்டுவாரை இங்க பக்கத்துத் தேயிலை எஸ்டேட். அம்மா, "பனி விழுந்தா கொழுந்து கருகிரும்டா"ன்னு சொல்லிட்டு வெத்தலையை மடிச்சாங்க. படத்துல, மெடல் போட்டு வைக்கன்னு எடியோட அம்மா குடுத்த டப்பாவுல உடைஞ்ச மூக்குக்கண்ணாடியா சேர்ந்துக்கிட்டே போகும். நாங்க சிரிச்சோம். அம்மா மட்டும், "கண்ணாடிக்கே எம்புட்டு ஆச்சோ."

படத்துல எனக்கு இடிக்கிறது அந்தக் கோச்தான். ஹியூ ஜாக்மேன் நல்லாத்தான் பண்ணியிருக்கார், ஆனா அப்படி ஒரு ஆளே கிடையாது. ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்து, குடிச்சுக் கெட்டு, சிஷ்யனால திருந்துற குரு. நம்ம படங்கள்லயும் தாடி வச்சுட்டு வருவாரே, அவரேதான். எட்வர்ட்ஸுக்கு நிஜத்துல சொல்லிக் குடுத்தது அமெரிக்காவுல லேக் பிளாசிட்ல ரெண்டு பேர். அவங்க சாமானைத்தான் போட்டுக்கிட்டார். பூட்ஸ் பெருசு. காலுக்குப் பொருந்த ஆறு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கிட்டார்.

எனக்கு அந்த ஆறு ஜோடி போதும்.

எட்டாவது படிக்கும்போது உபஜில்லா மீட்ல, பள்ளிக்கூடங்களுக்கான விளையாட்டுப் போட்டியில, 1500 மீட்டர் ஓடுனேன். எங்க லயத்துல, எஸ்டேட் தொழிலாளிங்க வரிசை வீடுங்கள்ல இருந்து அதுக்கு முன்னாடி யாரும் போனதில்லை. எஸ்டேட்டுகளுக்குள்ள நடக்குற ஃபின்லே ஷீல்டு ஃபுட்பால்ல எஸ்டேட் டீமுக்கு ஆடுன பக்கத்து வீட்டு அண்ணனோட பூட்ஸை இரவல் வாங்கியிருந்தேன். அவருக்கு ஒன்பது, எனக்கு ஆறு. முன்னாடி மலையாளப் பேப்பரைச் சுருட்டித் திணிச்சேன். ரெண்டாவது சுத்துலயே பேப்பர் நனைஞ்சு கூழாகி விரலுக்குக் கீழ உருள ஆரம்பிச்சிருச்சு. கடைசியாத்தான் வந்தேன். கூட்டிட்டுப் போன சார், "இவனெ இனி கொண்டுவரண்டா"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னார், இவனை இனிமே கூட்டிட்டு வர வேணாம்னு. எனக்கு மலையாளம் புரியாதுன்னு நினைச்சிருப்பார் போல.

சாயங்காலம் அம்மா மலையில இருந்து இறங்கி வந்தாங்க. இடுப்புல சாக்கு, அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள், கால்ல அட்டை கடிச்ச ரத்தம். எத்தனாவது வந்தேன்னு கேக்கலை. பூட்ஸைத் திருப்பிப் பார்த்துட்டு, "கிழியலைல? நாளைக்குக் குடுத்திரணும்"னாங்க.

எங்க கதையில கோச்சுக்கு இடமே இல்லை. இரவல் பூட்ஸும், அதைத் திருப்பிக் குடுக்கணுமேங்கிற பயமும்தான்.

இன்னொண்ணு, படம் கொண்டாட்டத்தோட முடிஞ்சிருது. 1990ல ஒலிம்பிக் கமிட்டி விதியை மாத்துச்சு. சர்வதேசப் போட்டிகள்ல முதல் 30 சதவீதம், முதல் 50 பேர், ரெண்டுல எது கம்மியோ அதுக்குள்ள வந்தாத்தான் உள்ள விடுவோம்னு ஆக்கிட்டாங்க. அதுக்கு 'எடி தி ஈகிள் விதி'ன்னே பேரு. கைதட்டி அனுப்பிட்டுக் கதவைச் சாத்தியாச்சு. அவர் 1992, 1994, 1998 மூணுக்கும் முட்டிப் பார்த்தார், நடக்கலை. அந்த எட்டு வருஷத்தை யாராவது படமா எடுத்தா முதல் டிக்கெட் எனக்கு.

படம் முடிஞ்சதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இம்புட்டு நாளும் வேலைக்குப் போகலைன்னா சோத்துக்கு என்னடா பண்ணான்?" பூச்சு வேலை பார்த்துக்கிட்டேதான்மான்னேன். "அப்பச் சரி."

இன்னைக்குக் காலையில மழை கொஞ்சம் விட்டுச்சு. சின்னவன் அவங்கப்பாவோட கம்பூட்ஸை மாட்டிக்கிட்டு வாசப்படியில இருந்து குதிச்சுட்டு இருந்தான். உள்ள எத்தனை சாக்ஸ்னு தெரியலை, எங்க வீட்டுக் கொடியில ஒண்ணுகூட இல்லை. பெரியவ சாண் போட்டு அளந்து கதவுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல எழுதிட்டா: பதினோரு சாண், லயம் ரெக்கார்டு.