கணக்குக் கேட்பவர்கள் கணக்குக் காட்டட்டும்

என் தம்பிக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. இது மாறப்போவதில்லை என்று அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் உதவித்தொகைக்காக அவன் இதுவரை மூன்று முறை தனக்குப் பார்வை இல்லை என்று நிரூபித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் புதிய மருத்துவச் சான்று, புதிய விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கின் நகல். போன முறை படிவத்தில் ஒரு பக்கம் விடுபட்டுப் போனது. நான்கு மாதம் பணம் நின்றுவிட்டது. பார்வையற்ற ஒருவர் தானே நிரப்பக்கூடிய படிவம் இல்லை அது. நான்தான் நிரப்பினேன், பக்கத்தை விட்டதும் நான்தான். நின்றது அவனுடைய பணம்.

அந்த நான்கு மாதமும் மனதை அரித்த கேள்வி இதுதான். அவனிடம் இவ்வளவு கணக்குக் கேட்கும் அரசு, அவனைப் போன்றவர்களுக்கென்று ஒதுக்கிய பணத்துக்கு யாரிடம் கணக்குச் சொல்கிறது?

பட்ஜெட் அன்று நாம் எல்லோரும் ஒதுக்கீட்டைப் பார்க்கிறோம். கல்விக்கு இவ்வளவு, இளைஞர் நலனுக்கு இவ்வளவு, மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வளவு. மறுநாள் அதுதான் தலைப்புச் செய்தி. ஆனால் ஒதுக்கீடு என்பது ஓர் உத்தேசம், அவ்வளவுதான். பல நாடுகளில் ஆண்டின் நடுவிலோ முடிவிலோ திருத்திய மதிப்பீடு வரும். அதில் ஒரு தொகை சத்தமில்லாமல் குறைந்திருக்கும். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது அதற்கும் பிறகுதான் தெரியும். தணிக்கை அறிக்கை இன்னும் தாமதமாக வரும். ஒரு பாலத்தின் கணக்கு மூன்று வருடம் கழித்து வந்தாலும் பாலம் அங்கேயே நிற்கும். ஐந்தாம் வகுப்பில் படித்த பிள்ளையின் கணக்கு மூன்று வருடம் கழித்து வந்தால் அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போயிருக்கும், அல்லது படிப்பையே விட்டிருக்கும்.

2015-இல் யுனெஸ்கோ தலைமையில் தென் கொரியாவின் இஞ்சியோனில் கூடிய நாடுகள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம் வரை, அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதம் வரை கல்விக்குத் தர வேண்டும் என்று ஓர் அளவுகோல் வைத்தன. நல்ல அளவுகோல். அதற்காகப் போராடவும் வேண்டும். ஆனால் எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைத்தான் அது அளக்கும். வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா என்பதை வேறு விதமாகத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த ஓர் ஆய்வை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். உகாண்டாவில் 1990-களில் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மத்திய அரசு மானியம் அனுப்பியது. ஏட்டில் பணம் போய்க்கொண்டே இருந்தது, பள்ளிகள் மட்டும் அப்படியே கிடந்தன. ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 250 பள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. மீதிப் பணம் நடுவில் மாவட்ட அளவில் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது.

அதன்பின் அங்கே செய்தது எளிமையான வேலை. எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு நாளிதழ்களில் அச்சிட்டது. பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. தலைமையாசிரியருக்குத் தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதே அப்போதுதான் தெரிந்தது. பெற்றோருக்கும் தெரிந்தது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாளிதழ் விளம்பரம் மட்டுமே இதைச் செய்யவில்லை என்று பின்னால் சிலர் வாதிட்டார்கள். 1997-இல் இலவச ஆரம்பக் கல்வி வந்தது, வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன. அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்? அந்த இடத்தைத் தாண்டி எந்தச் சீர்திருத்தமும் போக முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

இதே நம்பிக்கையில்தான் ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் ஊர் நடுவே பொது விசாரணைகள் நடத்தினார்கள். அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். கூலி வாங்கியதாகப் பட்டியலில் இருந்தவர்கள் கூட்டத்திலிருந்தே எழுந்து 'நான் வாங்கவில்லை' என்றார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் எழுப்பிய முழக்கம். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டங்கள் பெரிய காரணம். கணக்கு என்றால் நிபுணர்கள் மட்டும் படிக்கிற தடித்த புத்தகம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதை ஒரு கிராமமே காதால் கேட்டுத் தணிக்கை செய்ய முடியும் என்பது பெரிய விஷயமாகப் பட்டது.

சரி, உதவித்தொகைக்கு வருகிறேன். இங்கே கோளாறு நேர்எதிர்த் திசையில் நடக்கிறது. பணம் நடுவில் தொலைவது ஒரு பக்கம் இருக்கட்டும், வாங்குகிறவர்மீதே அரசுக்குச் சந்தேகம். ஆஸ்திரேலியாவில், உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கியவர்களைக் கணினி வழியாகக் கண்டுபிடித்துத் திருப்பி வசூலிக்க, ரோபோடெட் என்று பெயர்பெற்ற திட்டம் 2015-இல் தொடங்கியது. ஒருவரின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டார்கள். அதனால், படிப்பு முடித்து பாதி வருடம் வேலை செய்த ஓர் இளைஞர், வேலை இல்லாமல் உதவித்தொகை வாங்கிய மாதங்களிலும் சம்பளம் வாங்கியதுபோலக் கணக்கு வந்தது. அதை வைத்து 'எங்களுக்கு நீ இவ்வளவு கடன்' என்று கடிதம் போனது. இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடிதம் வாங்கியவருடையது. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை எடுத்து வா என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் இதில் சிக்கினார்கள். இப்படிச் சராசரி போட்டுக் கணக்கிடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2014-லேயே அரசுத் துறைக்குள் இருந்த சட்ட வல்லுநர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காகிதம் உள்ளேயே இருந்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தபோதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. அதற்குள் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுடைய தாய்மார்கள் ஆணையத்தின் முன் வந்து பேசினார்கள்.

நெதர்லாந்திலும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் இதே கொடுமை நடந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டதற்காக முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை நொறுக்கினார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. அதைப் படித்தபோது நான் விட்ட அந்த ஒரு பக்கம்தான் கண்முன் வந்தது.

இதில் என்னை மிகவும் கோபப்படுத்துவது வேறொன்று. தகுதி இல்லாதவருக்கு ஆயிரம் போனால் அது ஊழல், முறைகேடு, செய்தி. தகுதி உள்ளவருக்கு ஆயிரம் போகாமல் இருந்தால் அது ஏட்டில் மிச்சம். பிரிட்டனில் கூடுதலாகக் கொடுத்த தொகை, குறைவாகக் கொடுத்த தொகை இரண்டையும் மதிப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். எல்லா அரசும் குறைந்தபட்சம் இதையாவது செய்ய வேண்டும். அங்கேயே மாற்றுத்திறனாளி உதவி மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம்வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பல ஆண்டுகளாக வென்றுவந்திருக்கிறார்கள். முதலில் போட்ட முடிவுகள் இவ்வளவு தப்பாக இருந்தால், அதற்கு யார் பொறுப்பு? மேல்முறையீடு செய்யத் தெம்பில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யார் எண்ணுவது?

இளைஞர் சேவைகளின் கதை சுருக்கமானது, ஏனென்றால் அங்கே கணக்குக் கேட்கக்கூட ஆள் இல்லை. இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இளைஞர் மையங்களுக்கும் அவற்றின் பணியாளர்களுக்கும் செய்த செலவு 2010-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சரிந்தது. பள்ளியை மூடினால் பெற்றோர் தெருவுக்கு வருவார்கள். மாலையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் கூடும் ஒரு மையத்தை மூடினால் பூட்டுத் தொங்குவதுகூடப் பலருக்குத் தெரியாது. அந்தச் சேவைகளைத் தர வேண்டும் என்று சொல்லும் சட்டத்திலேயே 'இயன்றவரை' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. நிதி குறையும்போது முதலில் வெட்டு விழுவது அந்தச் சொல் இருக்கும் இடத்தில்தான்.

2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, போதுமான வாழ்க்கைத்தரத்தையும் சமூகப் பாதுகாப்பையும் உரிமை என்கிறது. உரிமை என்றால் அதைக் கொடுக்கத் தவறியவர்தான் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒதுக்கீட்டுக்குப் பக்கத்திலேயே போன ஆண்டு உண்மையில் செலவானதையும் அச்சிடுங்கள். பள்ளிக்கு வரவேண்டியதையும் வந்ததையும் அதன் வாசலில் எழுதுங்கள். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு மறுத்தீர்கள், மறுத்ததில் எத்தனை பின்னர் தவறு என்று ஆனது என்று சொல்லுங்கள். பார்வையற்றவர் கேட்டுப் புரிந்துகொள்ளும் வடிவிலும் சொல்லுங்கள்.

பணம் மறுபடி வரத் தொடங்கிய மாதம் தம்பியை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் அவனே பேசினான். 'போன வருடம் என்னைப்போல எத்தனை பேருக்கு ஒரு பக்கம் விடுபட்டதற்காகப் பணத்தை நிறுத்தினீர்கள்?' என்று கேட்டான். எதிரே இருந்தவர் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார். அப்புறம் மரியாதையாகவே சொன்னார், 'அந்தக் கணக்கை நாங்கள் வைப்பதில்லை, சார்.'