மறியலில இருக்கிறவனிட்ட வாசல் காசு கேக்காதேங்கோ

சனிக்கிழமை கூட்டத்தில அந்த ஐயா கதைச்சதை எல்லாரும் வீடியோவில பாத்திட்டியள். "வழக்குப் போடுற கைதிக்கு நீதிமன்றக் கட்டண விலக்குக் குடுத்தால் நீதிமன்றம் முழுக்கக் குப்பை வழக்குத்தான் வரும், அமெரிக்காவைப் பாருங்கோ, அங்க அறவிடுறாங்கள்" எண்டார். முன்வரிசை கை தட்டினது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் தாங்கேலாமல் போச்சு.

சரி, அமெரிக்காவைப் பாப்பம். அங்க அப்பிடி அறவிடுறது 1996இல வந்த சிறைக்கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தால. அங்கத்தைய மாவட்ட நீதிமன்றத்தில குடியியல் வழக்குப் போடச் சட்டப்படி 350 டொலர் கட்டணம். வெளியில இருக்கிற ஏழைக்கு அதை முழுசா விலக்கலாம். கைதி எவ்வளவு ஏழையெண்டாலும் தவணை தவணையா முழுக்கக் கட்டவேணும். அவன்ர சிறைக் கணக்கில 10 டொலருக்கு மேல இருந்தால், முந்தின மாசம் வந்ததில 20 வீதம் வெட்டுப்படும். சவுக்காரம் வாங்க வீட்டுக்காரர் அனுப்பின காசும் அதுக்குள்ள வரும். மாசம் 20 டொலர் வாறவனுக்கு 4 டொலர் போகும். 350ஐக் கட்டி முடிக்க ஏழு வருசத்துக்கு மேல. வழக்குத் தள்ளுபடியானாலும் கடன் நிக்கும். ரெண்டு வழக்கெண்டால் 40 வீதம் எண்டு 2016இல அந்த நாட்டு உயர் நீதிமன்றமும் சொல்லிப்போட்டுது. இதைப் பாத்தோ நாங்கள் படிக்கிறது? கையில ஒண்டுமில்லை எண்டதுக்காகக் கைதியின்ர வழக்கைத் தடுக்கக்கூடாது எண்டும் அதே சட்டத்தில இருக்கு. ஐயா அதைச் சொல்லேல்லை.

நான் சொல்லுறது ஒண்டுதான். உழைக்க விடாமல் அடைச்சு வைச்சிருக்கிற அரசு, தனக்கு எதிரா வழக்குப் போட வாறவனிட்ட வாசல் காசு கேக்கக்கூடாது.

என்ர சித்தியின்ர மகன் விளக்கமறியலில இருந்தவன், தெற்குப் பக்கம். உள்ளுக்க அடிபட்டு இடக் காது கேளாமல் போச்சு. சித்தி காப்பை அடைவு வைச்சு, ராத்திரி பஸ்ஸில கொழும்புக்குப் போனவ. அரசு உரிமையை மீறினால் போடுற அடிப்படை உரிமை மனுவை, சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில போடவேணும், இலங்கை அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரை அப்பிடி. சட்டத்தரணிக்குக் காசு சேர்க்கவே அந்த மாசம் போட்டுது. அதே ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தால், அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில சேராது. அதை அவவுக்குச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை. பிறகு அவன் விடுதலையாகி வந்திட்டான். காது வரேல்லை.

"சும்மா சும்மா வழக்குப் போடுவாங்கள்" எண்டு சொல்லுவியள். பெறுமதியில்லாத வழக்கைத் தள்ளத்தானே நீதிபதி இருக்கிறார்? காசிருக்கிறவன் வேலி எல்லைக்குத் தலைமுறை தலைமுறையா வழக்கு இழுக்கிறான், அதைக் குப்பை எண்டு ஒரு மேடையிலயும் நான் கேக்கேல்லை.

"பாதிக்கப்பட்டவைக்கு என்ன நீதி?" அதுக்குத்தான் தண்டனை. காதை உடைக்கச் சொல்லி எந்தத் தீர்ப்பிலயும் எழுதேல்லை. சித்தியின்ர மகனுக்குத் தீர்ப்பே வந்திருக்கேல்லை.

எங்கட குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில வறியவர் வழக்காடத் தனி அத்தியாயமே இருக்கு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால வந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. மறியலுக்குள்ள போய், தமிழில, இதை எடுத்துச் சொல்ல ஆள் வேணும் எண்டு அந்த மேடையில கேட்டிருக்கலாம். 1979இல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில, வழக்கு முடியாமலே வருசக்கணக்கா உள்ளுக்க கிடந்த பிள்ளையள் எங்கட ஊர்களில இருக்கினம். அவையளிட்டயும் கட்டணம் கேக்கச் சொல்லுறியளோ?

"உங்கட ஆள் எண்டபடியால் கதைக்கிறியள்" எண்டு நேற்று இன்பொக்ஸில எழுதினவருக்கு: ஓம், அதாலதான் கதைக்கிறன். மறியல் வாசலில சோத்துப் பாசலோட நிண்டவை கதைக்காட்டி வேற ஆர் கதைக்கிறது?