ஜானி கிளெக்கின் கடைசி டர்பன் கச்சேரியும், முப்பத்தைந்து ஆண்டுகள் நான் கேட்காத தொலைபேசி எண்ணும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 வந்தால், நிறவெறி ஆட்சிக் காலத்தில் எல்லா இனத்தவரையும் தம் பாட்டால் ஒன்றுசேர்த்தவர் தென்னாப்பிரிக்கப் பாடகர் ஜானி கிளெக் என்று நண்பர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். 2019-இல் அவர் மறைந்த நாள் அது. எழுதுவது பொய்யில்லை. ஆனால் அப்படி ஒன்றுசேர்க்கப்பட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால், கச்சேரி முடிந்து அரங்கத்தின் விளக்குகள் எரிந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் யாராவது எழுதியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

2017 குளிர்காலத்தில் டர்பன் மாநாட்டு மையத்தில் அவருடைய ‘இறுதிப் பயணம்’ நிகழ்ச்சி நடந்தது. கணையத்தில் புற்றுநோய் இருப்பது 2015-லேயே கண்டறியப்பட்டிருந்தது. ரசிகர்களிடம் விடைபெறுவதற்காகவே அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நான் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். நல்ல இருக்கை பிடிப்பதற்காக அல்ல. இருக்கை எண் சீட்டிலேயே அச்சாகியிருந்தது. இரண்டு பேரைத் தேட வேண்டியிருந்தது. அந்த இருவரின் பெயரும் அப்போது எனக்குத் தெரியாது.

ஒருவரை நாங்கள் கான்செர்ட்டினா என்று அழைப்போம். டர்பனில் கறுப்பினத்தவர் வாழும் உம்லாசியைச் சேர்ந்த ஜூலு இனத்தவர், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்து இழுத்து அமுக்கி வாசிக்கும் அந்தச் சிறிய துருத்திப் பெட்டியை அவரும் வாசிப்பார், கிளெக்கும் வாசிப்பார்; அதனால் வந்த பெயர். மற்றொருவர் பைன்டவுனிலிருந்து வரும் வெள்ளைக்காரச் செவிலியர். எந்தக் கச்சேரிக்கும் தேநீர்ப் பிளாஸ்க் இல்லாமல் வந்ததில்லை என்பதால் அவர் பிளாஸ்க் அம்மா. அவர்களுக்கு நான் சமோசா. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலத்தின் பெயரே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த முதல் நாள் 1982-இல். ஒரு பல்கலைக்கழகக் கூடத்தில் கிளெக்கின் ஜுலுக்கா குழு பாடியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் பாடுவதையும், எல்லா இனத்தாரும் கலந்து உட்கார்ந்து கேட்பதையும் அரசு தடுத்து வந்த காலம். எனவே பல்கலைக்கழக வளாகம், தேவாலயக் கூடம், தனியார் வீடு என்று ஒதுங்கிய இடங்களில்தான் அவர்களால் பாட முடிந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை, சனிக்கிழமையில் தமிழ்ப் பாடசாலை, அதற்கு வெளியே உலகம் எதுவும் பெரிதாகத் தெரியாது.

கிளெக் இங்கிலாந்தில் 1953-இல் பிறந்து, சிறுவயதிலேயே ஜோகன்னஸ்பர்க் வந்தவர். பதினான்கு வயதில், அடுக்குமாடிக் கட்டடத்தைத் துப்புரவு செய்துவந்த சார்லி ம்சிலா என்ற ஜூலு இசைஞரிடம் கிட்டார் கற்றுக்கொண்டார். கறுப்பினத் தொழிலாளர் விடுதிகளுக்குப் போய் நடனம் பழகியதற்காகப் பதினைந்து வயதில் கைதும் ஆனார். பிறகு தோட்ட வேலை செய்துகொண்டிருந்த சிஃபோ ம்சுனுவோடு சேர்ந்து அவர் அமைத்த குழுதான் ஜுலுக்கா. வியர்வை என்று பொருள். மானுடவியல் விரிவுரையாளராகவும் இருந்தவர் என்பதால், இரண்டு பாட்டுக்கு நடுவே வகுப்பே எடுத்துவிடுவார்.

அன்று என்னைப் பிடித்துக்கொண்டது பாட்டல்ல, நடனம். காலைத் தலைக்கு மேல் உயர்த்தித் தரையில் ஓங்கி மிதிக்கும் இண்ட்லாமு. இங்கே நாம் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்லும் தெருக்கூத்தில் என் தாத்தா வேடம் கட்டுவார். சலங்கையோடு அவர் மிதிக்கும் மிதியில் கரும்புத் தோட்டத்துத் தகரக் கொட்டகையே அதிரும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அதிர்வைக் கால்களில் முதன்முதலாக உணர்ந்தது ஒரு வெள்ளைக்காரரும் ஒரு ஜூலுக்காரரும் சேர்ந்து ஆடியபோது. என் கால் தானாகத் தட்டியதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, தாளம் தப்புகிறது என்று திருத்தினார். அவர்தான் கான்செர்ட்டினா. முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூடியில் தேநீர் ஊற்றி நீட்டியவர் பிளாஸ்க் அம்மா. மூவரும் ஒரே மூடியில் குடித்தோம். கடற்கரையில் ஒரே மணலில் உட்காரக்கூடாத மூன்று பேர்.

அதன் பிறகு அவர்கள் டர்பனுக்கு வந்த போதெல்லாம் சந்தித்தோம். சொல்லிவைத்துக்கொள்வதில்லை. மேடைக்கு இடப்பக்கம், ஒலிபெருக்கிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் மற்ற இருவரும் வந்து சேர்வார்கள். 1985-இல் சிஃபோ ம்சுனு மாடு மேய்க்கவும் பண்ணை பார்க்கவும் தம் ஊருக்கே திரும்பிப் போய்விட, அடுத்த ஆண்டு கிளெக் சவுக்கா குழுவைத் தொடங்கியது எங்களுக்குள் பெரிய வழக்காகிவிட்டது. கீபோர்டும் டிரம்ஸும் வந்து ஜூலு கிட்டாரை மூடிவிட்டன என்று கான்செர்ட்டினா கடைசிவரை மன்னிக்கவே இல்லை. ராக் இசையின் அந்த வேகம் இல்லாவிட்டால் பாரிஸிலும் லண்டனிலும் யார் காது கொடுப்பார்கள் என்பது என் கட்சி. இன்றும் அதில் நான் மாறவில்லை. தென்னாப்பிரிக்காவில் பாடுகிறார் என்ற காரணத்துக்காகவே பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கம் அவரை வெளியே தள்ளியபோது மட்டும் நாங்கள் மூவரும் ஒரே குரலில் கொதித்தோம்.

1987-இல் வந்த ‘அசிம்போனங்கா’ பாட்டைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ‘நாங்கள் அவரைப் பார்த்ததில்லை’ என்று பொருள். சிறையிலிருந்த மண்டேலாவைப் பற்றியது. நிறவெறியை எதிர்த்து உயிரிழந்த ஸ்டீவ் பிகோ, விக்டோரியா ம்செங்கே, நீல் அகெட் என்ற மூன்று பெயர்களையும் அந்தப் பாட்டு வாய்விட்டுச் சொல்கிறது. வழக்கறிஞர் ம்செங்கே 1985 ஆகஸ்டில் உம்லாசியில் தம் வீட்டு வாசலில் கொல்லப்பட்டவர். கான்செர்ட்டினாவின் ஊர். அந்தப் பெயர் வரும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். நாங்களும் மரியாதையாகத் தலை குனிவோம். ஆனால் அதே மாதத்தில் டர்பனுக்கு அருகிலுள்ள இனாண்டாவில் இந்தியர்களின் வீடுகளும் கடைகளும், காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பும் எரிந்ததைப் பற்றி அவரிடம் நானோ, என்னிடம் அவரோ அந்தக் காலத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டர்பனில் இந்தியர்கள் தாக்கப்பட்ட 1949 கலவரத்தில் என் அப்பா கேட்டோ மேனர் பகுதியிலிருந்து தப்பி ஓடிய கதையை இந்த வயதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த இருவரிடம் அப்போதெல்லாம் சொன்னதில்லை. கச்சேரியில் போய் அதையெல்லாம் பேசுவார்களா என்று கேட்டால், பேசமாட்டார்கள்தான். நாங்கள் கச்சேரியைத் தவிர வேறெங்கும் சந்தித்துக்கொள்ளவும் இல்லை.

2017-க்கு வருகிறேன். மாநாட்டு மையத்தின் முகப்பில் முக்கால் மணி நேரம் நின்றேன். சுற்றிலும் நரைத்த தலைகள். கடைசியாக மூவரும் பார்த்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதே தெரியாது. பெயர் தெரியாத ஒருவர் இறந்துபோனால் நமக்கு யார் வந்து சொல்வார்கள்? அந்த எண்ணம் அன்றுதான் முதன்முதலாக எனக்கு வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிறகு பின்னாலிருந்து, “சவுபோனா, தம்பி” என்று ஜூலு மொழியில் வணக்கம் சொல்லும் ஒரு குரல், கான்செர்ட்டினா. தம்பி என்ற சொல் நான் கற்றுக்கொடுத்தது. கையில் ஊன்றுகோல், முழங்கால் போய்விட்டது. பிளாஸ்க் அம்மா தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிளாஸ்க் காரிலேயே இருக்கிறது என்றார். வாகன நிறுத்துமிடத்தில் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குடித்தோம். இந்த முறை நாலு கோப்பைகள் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஏனோ அந்த ஒற்றை மூடிதான் வேண்டும்போல இருந்தது.

கச்சேரியைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். அதற்குக் காணொளிகள் இருக்கின்றன. நோயாளி என்று தெரிந்தே பார்க்க வந்தவர்கள் முன்னால் அவர் காலைத் தூக்கி மிதித்தார், நீண்ட கதைகள் சொன்னார், சிரிக்க வைத்தார். ‘அசிம்போனங்கா’ தொடங்கியதும் அரங்கமே எழுந்து நின்றது. முழங்கால் இடம் கொடுக்காமல் கான்செர்ட்டினா மட்டும் உட்கார்ந்தபடியே ஊன்றுகோலால் தரையில் தட்டினார். நானும் தட்டினேன். இந்த முறை அவர் திருத்தவில்லை. தாளம் வந்துவிட்டதா, அவர் கவனிக்கவில்லையா, தெரியாது.

வெளியே வந்து வழக்கம்போல ஆளுக்கொரு திசையில் பிரியப் போனபோது அந்தப் பேத்தி கேட்டாள்: “நீங்கள் மூவரும் எந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள்?” நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணே கிடையாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. அதுவரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாததற்குச் சட்டத்தின்மேல் பழி போடலாம். அதற்குப் பிறகு கழிந்த இருபத்தாறு ஆண்டுகளுக்கு? என் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஏறி நின்றால் இரவில் உம்லாசியின் விளக்குகள் தெரியும். அவருக்கும் எங்கள் விளக்குகள் தெரிந்திருக்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கச்சேரி எங்களை ஒன்றுசேர்த்தது போலவே, அதற்கு மேல் எதுவும் செய்யாமலிருக்க நல்ல சாக்காகவும் இருந்தது. மூன்று மணி நேரம் சேர்ந்து நின்று பாடிவிட்டால், செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் வந்தவன் வாரம் முழுவதும் நிம்மதியாக இருப்பதைப்போல. இதைச் சொல்வதால் அந்த நட்பு போலி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் திருமணத்துக்கு வந்து கைகுலுக்கிய பலரின் முகம் எனக்கு மறந்துவிட்டது; அந்தத் தேநீரின் சூடு மறக்கவில்லை. உண்மையான நட்பாக இருந்தும் நாங்கள் அதை வாசல்படி தாண்டவிடவில்லை என்பதே என் குறை. அதில் என் பங்கு பெரிது. அம்மா உயிரோடு இருந்தவரை, ஜூலுக்காரர் ஒருவரைச் சாப்பிட அழைத்துவந்தால் என்ன சொல்வாரோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. சமோசாவை அனுப்பியது அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு எண்களையும் பெயர்களையும் வாங்கிக்கொண்டோம். (இங்கே எழுத அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை.) இரண்டு ஆண்டுகள் வணக்கமும் பழைய படங்களும் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. 2019 ஜூலையில் கிளெக் இறந்த செய்தி வந்த மாலையில் கான்செர்ட்டினா அழைத்தார். “இனி எங்கே சந்திப்பது?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உம்லாசிக்குப் போனேன். காரில் இருபது நிமிடம். அடுத்த மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு தம் வீட்டுக் குழம்பைவிட உறைப்பு குறைவு என்று குறை சொன்னார்.

2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டு, முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்து, இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் கறுப்பினத்தவர்கள் தாக்கிக் கொல்லப்பட்ட அந்த வாரத்தில், எங்கள் தெரு முனையிலும் டயர்களையும் கம்பிகளையும் போட்டு வழியை மறித்திருந்தார்கள். முறை வைத்து இரவுக் காவல் நின்றார்கள். நானும் நின்றேன். நள்ளிரவுக்கு மேல் கான்செர்ட்டினா அழைத்து, ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். தெருமுனையில் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் வந்தால் நிறுத்துவாயா?” என்றார். இல்லை என்றேன். “உன் பக்கத்தில் நிற்பவர்கள்?” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. 1949-ஐப் பற்றியும் 1985-ஐப் பற்றியும் நாங்கள் முதன்முதலாகப் பேசியது அந்த இரவில்தான், விடியும்வரை, அவருடைய தொலைபேசியில் காசு தீரும்வரை.

நிலைமை அடங்கிய பிறகு, பிளாஸ்க் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அவர் வந்தார். டயர்கள் எரிந்து தார் கருகியிருந்த அதே முனையில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். முழங்கால் வலிக்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்றார். பெட்டியில் கான்செர்ட்டினா இருந்தது. அன்று மதியம் என் வீட்டுத் திண்ணையில் அவர் ஜுலுக்கா பாட்டுகளை மட்டும் வாசித்தார். சவுக்காவில் ஒன்றாவது வேண்டும் என்று நான் எவ்வளவோ கேட்டும் வாசிக்க மறுத்துவிட்டார்.