அது தீபாவளிப் படம் இல்லை

‘தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியா’ என்று இணையத்தில் சுற்றும், நாடு முழுக்கப் பல நிற வெளிச்சம் தெரியும் வண்ணப் படம் ஒரே இரவில் எடுத்தது அல்ல. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்டுவதற்காக, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் பல வருடச் செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து 2003-இல் உருவாக்கியது. வெள்ளை, 1992-க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகள். நீலம் 1992, பச்சை 1998, சிவப்பு 2003-இல் தெரியவந்தவை.

தீபாவளியை ஒட்டி 2012 நவம்பர் 12 அன்று எடுத்த நிஜப் படத்தை வெளியிட்டு, நாசாவே இந்தக் கதையை மறுத்திருக்கிறது. அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. வழக்கமான ஊர் வெளிச்சம்தான். நம் அகல்விளக்கும் மத்தாப்பும் அவ்வளவு உயரத்துக்குத் தனியாகத் தெரியாது. பாவம், மத்தாப்பு!

அப்புறம், பகிர்வதற்கு முன் படத்தை, படம் வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இது எத்தனை வருடமாகச் சுற்றுகிறது என்று தெரியும்.