வாய்வழியே கொடுத்தால் ஊசி வேண்டாமா?
தயிரில் வளரும் லாக்டோகாக்கஸ் போன்ற தீங்கற்ற பாக்டீரியாவில் மரபணு மாற்றி நோய்க்கிருமியின் புரதத்தை ஏற்றி, தடுப்பு மருந்தாக வாய்வழியே கொடுத்தால் இனி ஊசியே தேவைப்படாது என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. அங்கேதான் எனக்குச் சந்தேகம். எங்கள் வேலூரில் 1970களிலேயே வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எடுத்துச் சொன்னது இது: மேலைநாடுகளில் மூன்று தவணையிலேயே பலன் தந்த போலியோ சொட்டு மருந்து நம் பிள்ளைகள் பலருக்குப் போதவில்லை. அதனால்தான் காட்பாடியில் என் மகளுக்குக் கன்னத்தை அழுத்தி வாயைத் திறக்கவைத்து, விரலில் மை வைத்து, முகாம்தோறும் திரும்பத் திரும்பச் சொட்டு விட்டார்கள். 2014இல் வெளிவந்த வேலூர் ஆய்வில், முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஒரே ஒரு போலியோ தடுப்பூசி போட்டதும் குடலின் எதிர்ப்புச் சக்தி கூடியது. ஊசியை ஒதுக்க அவசரம் எதற்கு? கட்டுரைக்குக் கருத்தாக ‘தயிரிலேயே கலந்து கொடுக்கலாமே’ என்று எழுதிய நண்பருக்கு: மரபணு மாற்றிய பாக்டீரியா வீட்டு உறைமோரில் சேர்ந்தால் யார் எவ்வளவு மருந்து சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.